கேட்டில் நின்றும் வராத நைனா

"பொட்டப்புள்ள இஸ்கோலுக்குப் போயி இன்னா கிழிக்கப் போவுது? அப்பன் பேரக்கூட ஒழுங்கா எழுதாது."

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று பெரியப்பா சொன்னது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. எந்த விவசாயி எந்த ரகத்தோடு வருகிறார் என்ற தினசரி லிஸ்ட்டை ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தயாரிப்பது நான்தான். பெருமைதான்... மறைப்பானேன்?

போன வாரம் பழம் கொண்டுவருவது என் நைனாவின், அதாவது அப்பாவின் முறை. வரிசையில் பதினான்காவது.

"நீலமா, பெங்களூராவான்னு பறிச்சாத்தான் தெரியும். இப்பத்திக்கு காலியா வுடும்மா" என்றார் போனில்.

விட்டேன். அவர் பெயருக்கு நேரே NULL என்று போட்டேன். காலி என்றால் அதுதானே?

மறுநாள் காலை கேட்டில் ஒரே சத்தம். டிராக்டர் நிறைய பழம், மேலே கொளுத்தும் வெயில், கீழே நைனா.

"லிஸ்ட்ல பேரு லேது. அப்போ நீங்க இன்னும் வரல" என்றார் வாட்ச்மேன்.

"வராமத்தான் உன்னாண்ட பேசிக்கினு இருக்கேனா? லிஸ்ட்டு போடறதே எம் பொண்ணுய்யா!"

"அப்போ உங்க பொண்ணேதான் உங்க பேர எடுத்துட்டிருக்கு."

நைனாவுக்குப் பின்னால் பதினைந்தாவதாக இருந்த பெரியப்பா, லிஸ்ட்டில் ஒரு படி ஏறிப் பதினான்கு ஆகியிருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று ஹாரன் அடித்தபடி உள்ளே போனார்.

விஷயம் இதுதான். ஆர் லிஸ்ட்டில் ஒருவருக்கு NULL கொடுத்தால் அவர் இடம் காலியாகாது – ஆளையே தூக்கிவிடும்! பின்னால் இருப்பவர்கள் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எரர்கூட வராது. இடம் அப்படியே இருக்க வேண்டுமென்றால், அந்த NULL-ஐ இன்னொரு லிஸ்ட்டுக்குள் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும்.

ஓடிப்போய்ப் பழைய லிஸ்ட்டை எடுத்து, 'நீலம்' என்று நிரப்பி அனுப்பினேன். வாட்ச்மேன் ஸ்கிரீனைப் பார்த்தார். நைனாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"இப்பத்தான் வந்தீங்களா?"

விவரம் தெரியவில்லை என்பதற்கும் ஆளே இல்லை என்பதற்கும் எத்தனை ஆபீஸ்களில் வித்தியாசம் தெரிகிறது, சொல்லுங்கள்?

நேற்று பெரியப்பாவின் கடைசிப் பெண்ணுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போட்டுவிட்டேன். 'தந்தை பெயர்' கட்டத்தை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.