சீல் இருக்கிற என்ஜின்

அண்ணனின் காருக்குப் பழைய என்ஜின் தேடி நாங்கள் பெங்களூருக்குப் போனபோதே, இது உருப்படாது என்று எனக்கு ஏறக்குறையத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.

யுத்தத்துக்கு முன்னால் வந்த அமெரிக்க வண்டி அது. யாரோ ஒரு தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது விற்று, கைமாறிக் கைமாறிக் கிருஷ்ணகிரியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. அண்ணன் ஓட்டுவான். நான் தண்ணீர் ஊற்றி, ஹேண்டில் சுற்றி, ஆள் ஏற்றுவேன். கல்யாணம், கோர்ட்டு வாய்தா, பிரசவம் என்று ஓசூர் வரைக்கும், சில நாள் பெங்களூர் வரைக்கும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் சூளகிரி மேட்டில் உள்ளே ஒரு ராடு முறிந்து, என்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அதோடு அந்த என்ஜின் தீர்ந்தது. மாடு கட்டி வண்டியை இழுத்து வந்தோம். வழியில் எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள்.

அண்ணி கோலார் தங்கவயல்காரர். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். கார் நின்றது காதில் விழுந்ததும் பெரியவர் கிளம்பி வந்துவிட்டார்.

"மாப்ள, மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கிறேன். வந்தா எடம் இருக்குது. குடும்பத்தோட வந்துடுங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனபோது, வேடிக்கை காட்டுகிறோம் என்று அவனைச் சுரங்கத்து வாய்க்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். ஆட்களை அடைத்துக்கொண்டு கூண்டு சரசரவென்று உள்ளே இறங்குவதைப் பார்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தானாம். மச்சான் கிளம்பிப் போன பிறகு என்னிடம் சொன்னான்: "மூட்டை தூக்கச் சொல்லு, தூக்கறேன். பூமிக்குள்ள எறங்கச் சொல்லாதடா. என்னால ஆவாது."

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு குழந்தைகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றி ஊற்றி அலுத்துப்போனவர் அவர். "கிறிஸ்துமஸுக்குள்ள வண்டி ஓடணும். இல்லேன்னா நாம தங்கவயலுக்குப் போயிடறோம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் சரி என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் கழித்துக்கட்டிய லாரிகள் ஏலத்தில் போயிருந்தன. டிஸ்போசல் சாமான் என்பார்கள். எங்கள் காரைச் செய்த அதே கம்பெனிதான் அந்த லாரிகளில் சிலவற்றையும் செய்தது. என்ஜினும் ஒரே ஜாதி. எது சேரும், எது சேராது என்று பார்க்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். கியர்பாக்ஸின் முகத்தில் அட்டையை வைத்து அழுத்தி, போல்ட்டு ஓட்டைகள் பதிந்த இடத்தையெல்லாம் வெட்டியெடுத்தான். அந்த அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

பெங்களூரில் காயலாங்கடை காயலாங்கடையாக ஏறி இறங்கினோம். கடைசியாக ஒரு கிழவருடைய கடையில் அட்டை சரியாக உட்கார்ந்த என்ஜின் மூன்று கிடந்தது. கிழவருக்குக் கன்னடத்தைத் தவிர வேறு பாஷை வராது. எனக்குக் கன்னடத்தில் வாடகை பேசத் தெரியும், அவ்வளவுதான். அண்ணனோ தனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

முதல் என்ஜினுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. "அழுக்கா இருந்தா நம்பலாம், மினுக்கா இருந்தா நம்பாத" என்று தள்ளிவிட்டான். இரண்டாவதில் ஹேண்டிலைப் போட்டு இரண்டு பேரும் தொங்கியும் அது அசையவில்லை. மூன்றாவது சுற்றியது. ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது கையை எதிர்த்துத் தள்ளியது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தது என்று அர்த்தம். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். வறுத்த காப்பிக்கொட்டை நிறம், குறையே இல்லை. எண்ணெயும் தண்ணீரும் வடித்துவிட்டிருந்ததால் அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை.

அப்போது கிழவர் குனிந்து, கார்புரேட்டர் இருக்கிற பக்கத்தைக் கையால் காட்டி, "இல்லி சீளிதே" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? இங்க சீல் இருக்குதுங்கறார்!"

கார்புரேட்டருக்கு அடியில் உண்மையாகவே ஒரு சீல் இருந்தது. டிரைவர்கள் வேகத்தைக் கூட்டிவிடாமலிருக்க மிலிட்டரியில் கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த முத்திரை உடையாமலிருந்தால், ராணுவத்தை விட்டு வந்த பிறகு எவனும் கைவைக்காத என்ஜின் என்று நம்பலாம். அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"பக்கவாட்டுல இருக்கிற வால்வு மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்துடலாமா அண்ணா?" என்றேன்.

"மூடியத் தொறக்கணும்னா கார்புரேட்டரக் கழட்டணும். கழட்டுனா சீல் போயிடும். சீல் இருக்கிற என்ஜின எவனாவது பிரிப்பானாடா?"

கிழவர் மறுபடியும் அதே இடத்தைக் காட்டி அதையே சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "கொத்து, கொத்து" என்றான். தெரியும், தெரியும் என்று அர்த்தம். கிழவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குறைந்த விலைதான் சொன்னார். அண்ணன் அதையும் தன்னுடைய கன்னடத்தின் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

கடலைக்காய் ஏற்றப் போகிற லாரியில் என்ஜினைப் போட்டுக்கொண்டு வந்தோம். சானமாவுக் காட்டில் யானைக்குப் பயந்து டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் விரட்டினான். அண்ணன் பின்னால் என்ஜினைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் பேசிய பேச்சு! இன்னொரு வண்டி வாங்குவதாம், எனக்கும் ஒரு பெண் பார்ப்பதாம். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

புளியமரத்துக் கிளையில் சங்கிலி மாட்டி என்ஜினை இறக்கிப் பொருத்தினோம். ஹேண்டிலைச் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்த வண்டியில் நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். சிரித்தார். எனக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது. அதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கொதித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினான். அதில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. தண்ணீரெல்லாம் எண்ணெயில் இறங்கியிருந்தது. ஏறியிருந்தவர்கள் கோழியையும் கூடையையும் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். நாங்கள் அந்தக் கம்பியைப் பார்த்தபடி நின்றோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முத்திரையை உடைத்து மூடியைத் திறந்தோம். வால்வுகளுக்கு நடுவே பிளாக் வெடித்திருந்தது. வார்ப்பு இரும்பு, பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விடும். செய்வதற்கு ஒன்றுமில்லை.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கிழவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கப்போவதாக மறுநாளே பெங்களூருக்குக் கிளம்பினான். அடிதடி ஆகிவிடுமோ என்று நானும் கூடவே போனேன்.

கிழவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. "அவத்தே ஹேளிதெனல்லப்பா, சீளிதே அந்த" என்றார். அன்றைக்கே சொன்னேனே என்று அர்த்தம். அண்ணன் விழித்தான். கிழவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, விறகைப் பிளப்பதுபோல மெதுவாக விரித்துக் காட்டினார். கன்னடத்தில் சீளு என்றால் பிளவு. இங்கே பிளந்திருக்கிறது என்று அந்த மனுஷர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை, கையை வைத்துக் காட்டிச் சொல்லியிருக்கிறார். ஏலத்தில் எடுத்தபோதே மிலிட்டரிக்காரர்கள் அவரிடம் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்களாம். எல்லாம் தெரியும் என்று சிரித்துவிட்டு நாங்கள்தான் வாங்கிவந்திருக்கிறோம்.

ஏமாற்றியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். யாரைத் திட்டுவது? கிழவர் டீ வாங்கிக் கொடுத்தார். பழைய இரும்பு விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அண்ணன் டீயைக் குடித்துவிட்டு அவருக்குக் கும்பிடு போட்டான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் அவன் கிருஷ்ணகிரி பஸ் பக்கமே திரும்பவில்லை. கோலார் பஸ் எது என்று ஒருவரிடம் கேட்டான். இந்தத் தடவை தமிழில் கேட்டான்.

"வீட்டுக்கு வந்துட்டுப் போ அண்ணா. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்குது."

"வீட்டுக்கு வந்தா நான் போவ மாட்டேன்டா. நீ போயி அவகிட்ட சொல்லு. கொழந்தைங்கள நீயே கொண்டுவந்து உடு" என்றான். பஸ் கிளம்பும்போது என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கேயே நின்று அழுதேன்.

காரை அப்படியே இரும்புக்குப் போட்டேன். அண்ணியையும் குழந்தைகளையும் தங்கவயலில் விட்டுவந்தேன். அடுத்த ஈஸ்டருக்கு அவர்களைப் பார்க்கப் போனபோது குழந்தைகளுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அண்ணன் இளைத்திருந்தான். இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, இறங்க முடிகிறதா அண்ணா என்று கேட்டேன்.

"கூண்டு கெளம்பறப்பவே கண்ண மூடிக்கறேன். மேல வந்தப்புறந்தான் தொறக்கறது."

"அப்போ உள்ள வேலை எப்பிடி செய்யற?"

"உள்ளயா?" என்றான். "அந்த இருட்டுல தொறந்திருந்தாலும் ஒண்ணுதான்டா."

அண்ணி சோற்றுக் குண்டானோடு வந்தார். நாங்கள் இலையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.