சனி ஞாயிறு கிணற்றுக்கு விடுமுறை

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் எங்கள் ஊர்த் தோட்டக் கிணறு ஒன்று ஐந்து வீட்டாருக்குப் பங்கு. நாளுக்கு ஒருவர் இறைக்கலாம். ஐந்தாவது ஆள் முடிய மறுபடி முதலாவது ஆள். இவ்வளவுதான் சட்டம். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பங்காளர்களில் மூத்தவர் மனதில் வைத்திருந்து, மாலையில் வேலிக்கு மேலால் "நாளைக்கு உங்கடை" என்று குரல் கொடுப்பார். அவர் மகளின் பிரசவத்துக்காகக் கனடா போன கிழமையே, புதன்கிழமை யாருடையது என்ற கேள்வியில் இரண்டு வீட்டார் முகம் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். எனக்குக் கிணற்றில் பங்கில்லை; கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நிர்வாக உத்தியோகத்தனாக இருந்து ஓய்வுபெற்றவன்.

"ஐயா, நீங்கள் ஒரு ஒழுங்கு எழுதித் தந்தால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

பென்ஷன் எடுத்தபிறகு என்னிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை. அன்றிரவே உடன்பட்டுவிட்டேன்.

ஐந்து பங்கில் ஒன்று என் மச்சாளுடையது, அதாவது மனைவியின் தங்கையுடையது. கணவர் தவறியபின் முதல் தடவையாகத் தனியே வெங்காயம் நட்டிருந்தாள். இந்தப் போகம் பொய்த்தால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு, மகனுடைய மாடிவீட்டுக்கு வந்துவிடுவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மகன் அங்கே அவளுக்கென்று கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டான். அவளுக்கு அந்தக் கட்டிலில் படுக்கும் உத்தேசம் துளியும் இல்லை.

என்னிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அதில் அலுவலக மென்பொருள் இல்லை. பழுது பார்க்கும் கடைக்காரர், "களவுக் கொப்பி ஒண்டு போட்டுவிடட்டோ ஐயா? எல்லாரும் அதுதான் பாவிக்கினம்" என்றார். வேலை செய்த காலம் முழுவதும் பிறருடைய களவைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதியவன் நான். காசு கேட்காத, யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று உலகத்துக்கு விட்டிருக்கும் மென்பொருளைப் போடச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

விரிதாளை வெறுமையாகத் திறந்து கட்டம் கட்டமாகக் கீறுவது கீழ்நிலை எழுதுவினைஞர் வேலை. ஏற்கெனவே யாராவது செய்து வைத்த இலவச டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து நிரப்புவதே முறை என்று தேடத் தொடங்கினேன். இலவசம் என்று பெரிதாக எழுதியிருந்த இடங்களில் பாதி, கடன் அட்டை இலக்கம் கேட்டது. இலவசத்துக்கு எதற்கு அட்டை என்று கேட்க அங்கே கவுண்டரில் ஒருவரும் இல்லை. மற்றப் பாதி, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கென்று செய்தவை. என்னுடையதில் திறந்தால் மழையில் நனைந்த கலண்டர்போல நிறமெல்லாம் ஒன்றோடொன்று ஊறிக் கிடந்தன. என் மென்பொருளுக்கென்றே இருந்த பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் அட்டவணை இருந்தது, குதிரைக்குத் தீனி வைக்கும் அட்டவணை இருந்தது. பங்குக் கிணற்றுக்கு ஒன்றும் இல்லை.

கடைசியில் அகப்பட்டது, ஏதோ குளிர் நாட்டில் பொதுப் பாதையில் விழும் பனியை அயலவர்கள் முறைவைத்து அள்ளும் அட்டவணை. அள்ளிய பனியை அடுத்தவன் பக்கம் கொட்டக்கூடாது என்று அடியில் குறிப்பும் இருந்தது. வேலிச் சண்டை எங்கும் ஒன்றுதான் என்று மனம் நிறைந்து, பனியை எடுத்துவிட்டு இறைப்பைப் போட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள், ஐந்து வீட்டார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. சனியும் ஞாயிறும் சாம்பல் நிறத்தில் விடுமுறை என்றிருந்தன. எனக்கு அதில் ஒன்றுமே வித்தியாசமாகப் படவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் சனி ஞாயிறு அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிணறும் ஓய்வெடுக்கும் என்பதில், மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்த எனக்கு உள்ளூர ஒரு திருப்தியும். "மாற்றங்கள் எழுத்துமூலம் மட்டுமே ஏற்கப்படும்" என்று அடியில் சேர்த்து, அச்செடுத்துப் பம்ப் கொட்டிலில் ஒட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை தோட்டப் பக்கம் போனால் கிணற்றடியில் இறைப்பு மெசின் சத்தம். பங்காளர் ஒருவர் தன் மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் குழாயோடு அடுத்ததாகக் காத்திருந்தார்.

"இண்டைக்கு லீவெல்லோ?" என்றேன்.

"ஓம் ஐயா, லீவுதான். அப்ப இண்டைக்கு ஒருத்தற்றை முறையும் இல்லை. முறையில்லாத தண்ணி எல்லாருக்கும் பொதுத்தானே?"

மேலிடத்துச் சுற்றுநிருபத்தை இவ்வளவு நேர்த்தியாக வளைப்பவர்கள் என் கந்தோரிலேயே இரண்டொருவர்தான் இருந்தார்கள். நான்கு வீட்டாரும் சனியும் ஞாயிறும் முந்தினவருக்கு முதல் என்று இறைத்து வந்திருக்கிறார்கள். ஐந்தாவது வீட்டார் மட்டும் சட்டப்படி. ஐந்து நாளுக்கொருமுறை கண்ட தண்ணீர் ஏழு நாளுக்கொருமுறையாகி, மச்சாளின் பாத்திகளில் மண் வெடித்து, வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளாகிக் கருகத் தொடங்கியிருந்தது. குமிழ் பருக்கிற நேரம். அவள் வரம்பில் நின்று புல்லுப் பிடுங்கினாள்.

"நீயேன் இறைக்கேல்லை?"

"அத்தான் போட்ட சட்டத்தை அத்தான்ரை மச்சாளே மீறினால் ஊர் என்ன சொல்லும்?"

"ஊரே மீறுது!"

"அதுதான், உங்களுக்கெண்டு ஒராளாவது மிஞ்சட்டும் எண்டு நிண்டனான். பாதகமில்லை அத்தான். கொழும்பிலை குழாயைத் திருகினால் சனி ஞாயிறும் தண்ணி வருமாம்."

"விசர்க்கதை கதையாதை. இப்ப இறை."

"எழுத்திலை தாங்கோ."

முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் அடுத்த பாத்திக்குத் திரும்பியபோது அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தேன். பெயர் எழுதும் கட்டங்கள் மட்டும் கைக்கு இணங்கின. சாம்பல் கட்டங்களைத் தொட்டால் தாள் பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் தா என்றது. மென்பொருள் உலகத்துக்கே திறந்தது. யாரோ ஒரு பனி அள்ளுகிறவர் அதற்குள் இருந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெங்காயம் அவருடைய மறுமொழிக்குக் காத்திராது. பேனையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பி, சாம்பல் நிறத்தின்மேல் சனி, ஞாயிறு இரண்டிலும் மச்சாளின் பெயரை எழுதினேன்.

மிளகாய்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, பேனையாலை எழுதினது செல்லுமோ?"

"பக்கத்திலை சுருக்கொப்பம் இருந்தால் செல்லும்," என்று ஒப்பமிட்டு, திகதியும் போட்டேன். மெசின் நின்றது.

அவள் மெசினைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் மாறும் வேலை எனக்கு. ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும்.

"அத்தான், தண்ணி வெளியாலை ஒழுங்கைக்கு ஓடுது! பாத்தி வாய் திறக்கவும் சுற்றுநிருபம் வேணுமோ?"

ஏற்கெனவே இறைத்த கிணறு. முக்கால்வாசிப் பாத்தியோடு அடி மணல் தெரிந்தது. மீதியை ஞாயிறு காலையில் முடித்தோம். ஆராதனைக்குச் சேற்றுக் காலோடு பிந்திப் போனேன். "ஓய்வுநாள்" என்று மட்டும் சொன்னாள் மனைவி.

அந்தக் கிழமையே வெறும் தாளில் ஐந்து வரிகளை நானே கீறி, கிழமைப் பெயர் ஒன்றும் இல்லாமல், முறையைத் திகதிப்படி ஓடவிட்டேன். எழுதுவினைஞர் வேலைதான்.

வெங்காயம் கிண்டும் நாளில், பிந்தித் தண்ணீர் கண்ட பாத்திகளில் குமிழ் கோலிக்குண்டு அளவில்தான் இருந்தது. மற்றவை நன்றாகவே திரண்டிருந்தன. மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டபோது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் மேலே நின்று, அடுத்த போகத்து விதைக்கென்று பிடி பிடியாகக் கட்டிய வெங்காயத்தைக் கொட்டில் கூரை வளையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப கதைக்க ஏலாது மோனை, மேலை நிக்கிறன்," என்றாள். "கட்டிலை ஆருக்காவது குடு."