மொக்கைச்சாமிக்கு வந்த தீட்டு

எங்கள் ஊர் நத்தம் போகிற வழியில் இருக்கிறது. மொக்கைச்சாமி மாமாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் கத்தரி. மனசு ஏறினால் தூக்கமில்லாமல் ஒரே நாளில் பதினொரு மாட்டுக்கு விலை பேசிவிடுவார். இறங்கினால் மூன்று மாதம் கட்டிலைவிட்டு எழமாட்டார். மாத்திரையின் புண்ணியத்தில் இரண்டு வருடமாக நிதானம். நோய் வந்தபின் முதல்முறையாக, இந்தத் தைப்பூசத்துக்குத்தான் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக நோயாளிகளிடம் ரத்தம் சேகரிக்கிறேன். மாமாவும் கொடுத்திருந்தார். அந்த ரத்த அணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அதிலிருந்து மூளை நரம்பணுக்களை வளர்ப்பார்கள். உயிரோடிருப்பவர் மூளையை எடுத்துப் புது மருந்தைச் சோதிக்க முடியாது. தட்டில் வளர்ந்ததில் சோதிக்கலாம்.

புறப்பாட்டுக்கு முதல் நாள், யாத்திரைக் குருசாமி தங்கமுத்து வீட்டில் மாலை போட்டிருந்த மாமாவின் பங்காளிகளெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மாமா, உங்க ரத்தத்துல இருந்து பெங்களூர்ல மூளை அணு வளந்திருச்சு. புது மாத்திரைய அதுக்குத்தான் மொதல்ல குடுத்துப் பாப்பாங்க."

தங்கமுத்து அப்பளத்தை இலையில் வைத்தார். "உசுரோடயா?"

"ஆமாய்யா."

"இவன் ரத்தம், புதுசா ஒரு உசுரு. அப்ப பங்காளி அம்புட்டுப் பேருக்கும் பொறப்புத் தீட்டுல்ல. மாலையக் கழட்டு அப்பு."

மாமா முகம் செத்துப்போனது. நான் காப்பாற்றப் பார்த்தேன்.

"அது வளந்து நாலு மாசமாச்சுய்யா. பதினாறு நாள் எப்பவோ கழிஞ்சிருச்சு."

"அதோட நிறுத்திட்டாகளா?"

படித்தவன் பொய் சொல்லலாமா? "இல்ல. வாராவாரம் புதுசா வளப்பாங்க."

"அப்ப நம்ம வகையறாவுக்கே ஆயுசுக்கும் தீட்டு."

பங்காளிகள் எச்சில் கையோடு தத்தம் மாலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

மாமாதான் வாயைத் திறந்தார். "ஏண்ணே, பொன்னழகுக்குத் தெரியாம எனக்கு எப்பிடிப் பிள்ளை பொறக்கும்?"

பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி பொன்னழகு, "அதானே" என்றார், ரசக்கரண்டியை ஓங்கியபடி.

மாமா தொடர்ந்தார். "அது நாந்தேன். நகம் வளருது, முடி வளருது. அதுக்கெல்லாம் தீட்டா பாக்குறோம்?"

ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கிய ஆள் சொன்னதில் ஒருவருக்கும் ஓட்டை அகப்படவில்லை. தங்கமுத்து தாடையைச் சொறிந்தார்.

"நகத்துக்கு மாத்திரை குடுப்பாகளாடா?"

"இதுக்குக் குடுப்பாக. புதுசா வாரதை எனக்கு முன்னால அது முழுங்கிப் பாக்கட்டும்னுதான் ரத்தமே குடுத்தேன்."

தங்கமுத்து அப்பளத்தைத் திரும்ப எடுத்தார். "சரி, கழட்ட வேணாம். மலையில நிக்கையில அந்தப் பெங்களூர்ல கெடக்குறதுக்கும் சேத்து நீயே கும்பிட்டுக்க. இன்னொரு இலை போடச் சொல்லிறாத."