சிவபாண்டி தொட்டுப் பார்த்த வண்டிகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செகண்ட் ஹேண்டில் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் சிவபாண்டிக்குத்தான் போன் போடுவார்கள். பெரிய வண்டி என்றால் கோவா, இமயமலை என்று நாள்கணக்கில் ஓட்டிப் போகிற டூரிங் வண்டி. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிமிர்த்த முடியாத கனம். புதிதாக வாங்கினால் ஒரு வீட்டு விலை. பழையதாக வாங்கலாம் என்றால் விற்பவன் சொல்வதை நம்ப முடியாது. சிவபாண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு எடு என்றோ வேண்டாம் என்றோ சொல்வான். அதற்குக் கூலி வாங்கிக்கொள்வான்.

விற்பவன் எவனையும் அவன் நம்பியதில்லை. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பமாட்டான். சர்வீஸ் பில்லை நம்பமாட்டான். "டாக்டர் ஓட்டின வண்டி, கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாவ" என்று ஒருவன் சொன்னபோது, "எந்தச் சாமி கோயில்ல முள்ளுக்குள்ள விழுந்து கும்பிடணும்? டேங்க் பூராம் கீறலா இருக்கே" என்று கேட்டுவிட்டு வந்தவன்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் எஞ்சினைத் தொடுவான். ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய் தெரியும். கடகடவென்று சத்தம் போடும், புகை விடும். சூடேறிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். அதனால் கள்ளத்தனம் செய்கிறவன், ஆள் வருமுன் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பான். தொட்டுப் பார்த்து சூடாக இருந்தால் சிவபாண்டி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவான்.

அது மில்லில் வந்த பழக்கம். இருபது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தான். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வான். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து இந்த வேலையைப் பிடித்துக்கொண்டான். மனைவி மாரிச்செல்வி தளவாய்புரத்துக் கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய அம்மா வெள்ளத்தாய் பக்கவாதத்தில் படுத்தபடி இவர்கள் வீட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிறேன். வெள்ளத்தாயைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்குக் கட்டுப்போட தினமும் காலையில் அங்கே போவேன்.

அப்படி ஒரு காலையில் பொன்னுராஜ் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மனைவி பொன்மணியைப் பின்னால் வைத்துக்கொண்டு இமயமலை வரை ஓட்டிப் போவது அவன் திட்டம். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருந்தான். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியின் கறுப்பு வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புரோக்கர் கடையில் நின்ற சிவப்பு வண்டி. முந்தைய நாள்தான் சிவபாண்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்திருந்தான். நான் உள்ளே வெள்ளத்தாய்க்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

"கறுப்பு நாலு சிலிண்டர்டே. இழுப்புக்கு அதை அடிச்சுக்க முடியாது. நாலுவழிச் சாலையில டாப் கியர்ல போட்டுட்டா லாரியத் தாண்டக்கூட கியர் எறக்க வேண்டாம், முறுக்குனா போதும். ஆனா கனம். தேரடியில வச்சுத் திருப்புனேன், இடுப்பு கழண்டுபோச்சு."

"செவப்பு அண்ணாச்சி?"

"அது ரெண்டு சிலிண்டர். இழுப்பு ஒரு படி கம்மி. ஆனா நல்ல உசரம். நிமிந்து உக்காரலாம், காத்து நெஞ்சுல அடிக்காது. குழியில எறங்குனது தெரியாது. மலைக்கு அதான் சரி."

"ரெண்டு சிலிண்டர் உதறும்பாங்களே? கை மரத்துப்போவும்னு சொல்லுதாங்க."

"இது உதறல. ஹேண்டில்ல கை வச்சா நிக்கிற வண்டி மாதிரி இருக்கு. எஞ்சினையும் தொட்டுப் பாத்துட்டேன். பச்சத்தண்ணி."

பொன்னுராஜுக்கு மகிழ்ச்சி. கடை திறந்ததும் மீதிப் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டான்.

எனக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. ஆள்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எதையும் குறை சொல்லாமல் விடாத சிவபாண்டி ஒரு புரோக்கர் வண்டியை இவ்வளவு புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. புரோக்கர் கையில் ஏதாவது திணித்திருப்பானோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிவபாண்டியிடம் துடைக்க வெந்நீர் கேட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய எவர்சில்வர் சட்டியைத் துணி இல்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். நான் அலறிக் கீழே வைத்தேன். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

"என்னக்கா, இந்தச் சூட்டுக்கா?"

"கையக் காட்டுலே."

வலது கையில் விரல்களிலும் உள்ளங்கை மேட்டிலும் கொப்புளங்கள். ஒன்று உடைந்து தோல் ஒட்டிக் கிடந்தது. அதை அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"டீ கொட்டியிருக்கும்."

"டீ கொட்டுனா இப்படியா வரும்? இது எதையோ அழுத்திப் பிடிச்ச சூடு."

தையல் மெஷினை நிறுத்தாமலே மாரிச்செல்வி சொன்னாள். "நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து வரும்போதே இருந்துச்சுக்கா. கேட்டா சைலன்சர் பட்டுருச்சுன்னாவ."

ஒரு காயத்துக்கு இரண்டு காரணம். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைத் துண்டால் கட்டினேன். கட்டுப்போடும் சத்திரப்பட்டி காஸ் துணியில் ஒரு நூலைத் திரித்து விரல்நுனியில் தடவினேன். தடவியது அவனுக்குத் தெரியவே இல்லை. இரண்டு டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, எது சுடுகிறது என்று கேட்டேன்.

"ரெண்டாவது."

"நிச்சயமா?"

"நல்லா சுடுதுக்கா."

இரண்டிலும் பானைத் தண்ணீர்தான் இருந்தது. துண்டை அவிழ்த்ததும் கோபப்பட்டான்.

"என்னை ஏமாத்துதீங்க."

"நானா நீயா? காலைக் காட்டு."

கையில் உணர்ச்சி போவதற்கு முன்னால் காலில் போயிருக்கும். பெருவிரலுக்கு அடியில் வெடித்துச் சீழ் கட்டியிருந்தது. அதுவும் அவனுக்குத் தெரியாது.

"எப்பத்துலேருந்து?"

"ஆடிக்கு முன்னாலேருந்தே ஒரு மாதிரியா இருக்கு."

"சுகர் பாத்தியா?"

"பாத்தா இருக்குன்னுருவாவ."

தையல் மெஷின் சத்தம் நின்றது. மாரிச்செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப நேத்து அந்த எஞ்சினு பச்சத்தண்ணின்னியே சிவபாண்டி?"

அவன் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கை இப்படி வெந்திருக்கிறதென்றால் எஞ்சின் கொதித்திருக்க வேண்டும். கொதித்திருந்தால் புரோக்கர் எதையோ மறைக்கிறான். உதறவில்லை என்று சொன்னதற்கும் இனி மதிப்பில்லை.

"போன் போடு."

"போட்டு என்னன்னு சொல்ல? கை செத்தவனை எவன்க்கா வண்டி பாக்கக் கூப்பிடுவான்? நைட்டி தச்சு இந்த வீடு ஓடுமா?"

"அந்தப் பிள்ள பொன்மணி பின்னால உக்காந்து மலையேறப் போவுது."

போனை எடுத்தான். "தம்பி, பணத்தக் குடுத்துராத. செயினை இன்னொரு தடவ பாக்கணும். வாரேன். அதுவரைக்கும் எவனையும் ஸ்டார்ட் பண்ண விடாத."

டீ, சைலன்சர், இப்போது செயின். இவன் அங்கே போய் வேறு ஏதாவது குறை கண்டுபிடித்து, கை விஷயத்தை மறைத்துவிடுவான் என்று தோன்றியது. கட்டுப்போட்டு, அவனுடைய வண்டிச் சாவியை வாங்கி மாரிச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, அவனோடு நானும் பஸ் ஏறினேன்.

கடையில் சிவப்பு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுராஜும் பொன்மணியும் பக்கத்தில் நின்றார்கள்.

"நான் சொல்லிப் பாத்தேன் அண்ணாச்சி, கேக்கல" என்றான் பொன்னுராஜ்.

"அண்ணாச்சி வாரீகன்னதும் ரெடி பண்ணிட்டேன்" என்று சிரித்தான் புரோக்கர்.

"அணைங்க. ஆறட்டும்."

"ஆற மத்தியானமாயிருமே!"

"ஆவட்டும்." சிவபாண்டி பெஞ்சில் உட்கார்ந்தான். நாங்களும் உட்கார்ந்தோம்.

புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு கோலி சோடா. பிறகு போனில் யாரிடமோ பேசிவிட்டு, கோவில்பட்டியிலிருந்து ஒரு பார்ட்டி ரொக்கத்தோடு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான்.

"வரட்டும். அவியளும் செத்த உக்காரட்டும். பெஞ்சுல எடம் இருக்கு" என்றான் சிவபாண்டி.

பொன்னுராஜ் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, செயின் பாக்க எஞ்சின் எதுக்கு ஆறணும்?"

நான் சிவபாண்டியைப் பார்த்தேன். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அவன் சட்டைப்பைக்குள் மறைத்து வைத்திருந்த கட்டுப்போட்ட கையை எடுத்து மடிமேல் வைத்தான்.

"செயின் இல்லடே. நேத்து எஞ்சினைத் தொட்டு ஆறிக் கெடக்குன்னேன்லா? அது சுட்டிருக்கு. எனக்குத் தெரியல. கை மரத்துப்போச்சு. உதறலையும் நான் கண்டுபிடிச்சிருக்க முடியாது. எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகந்தான். ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

பொன்னுராஜ் எதுவும் சொல்லுமுன் புரோக்கர் கைதட்டிச் சிரித்தான்.

"கையில உசுரு இல்லாதவரக் கூட்டிட்டு வந்தா என் வண்டியக் குத்தம் சொல்லுதீங்க? நல்லாயிருக்கே கதை! நேத்து எஞ்சின்ல கைய வச்சவரு எடுக்கவே இல்ல. கை வெந்துருமேன்னு நானே பயந்துட்டேன்."

பொன்மணி நிமிர்ந்தாள். "எதுக்குப் பயந்தீங்க? வண்டிய ரெண்டு நாளா எடுக்கவே இல்லன்னுதான நேத்து எங்ககிட்ட சொன்னீங்க?"

புரோக்கர் குனிந்து டீ கிளாஸ்களைப் பொறுக்கினான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பொன்மணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான் சிவபாண்டி. வெதுவெதுப்புதான் இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னான். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. தெருவில் போனவர் ஒருவர் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் ஓடியதும் சத்தம் தானாகக் குறைந்தது. ஹேண்டிலைப் பிடித்திருந்த பொன்னுராஜ் கையை உதறிக்கொண்டான். வண்டி வேண்டாம் என்று அவனாகவே சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டான். புரோக்கர் ரொம்ப நேரம் முணுமுணுத்தான். பொன்மணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அவள் கேட்டது சிவபாண்டி எதிர்பார்க்காதது. "கறுப்பு வண்டியையும் நீங்க இந்தக் கையாலதான அண்ணாச்சி பாத்தீங்க? அது நல்லா இருக்குன்னு எதை வச்சு நம்ப?"

"பேசாம இரு பொன்மணி" என்றான் பொன்னுராஜ்.

"அந்தப் பிள்ள கேக்குதது சரிதான்" என்றான் சிவபாண்டி. "என்னை நம்பாதீங்க. நான் ஓட்டவும் மாட்டேன். நாளைக்கு விடியக்காலம் சொல்லாம கொள்ளாம போவோம். எஞ்சினை நீ தொடு. நீங்க ரெண்டு பேரும் ஓட்டுங்க. நான் சத்தத்தை மட்டும் கேக்கேன்."

மறுநாள் மில் முதலாளி பல் துலக்கிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாராம். எஞ்சின் ஆறிக் கிடந்தது. முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோதே சத்தம் சீராக இருந்தது. கணவனும் மனைவியும் செட்டியார்பட்டி வழியாகத் தேவதானம் வரை போய்த் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்னதை நானும் கேட்டேன்.

"பறக்குது அண்ணாச்சி" என்றான் பொன்னுராஜ்.

"முன்னால உக்காந்தவருக்குப் பறக்கும்" என்றாள் பொன்மணி. "எனக்கு முட்டி மடங்கி வலிக்கி. சேத்தூர்ல கூட்டத்துல நின்னப்ப சூடு கெண்டைக்கால்ல அடிக்கி. ஆனா உதறல. சீட்டு அகலம். திரும்பி வரும்போது தூங்கிட்டேன்."

"தூங்குனியா? நான் ரோட்டப் பத்தி எம்புட்டு நேரம் பேசிக்கிட்டு வந்தேன்!"

"அதான் தூங்கிட்டேன்."

இவ்வளவு கனத்தை மண்சரிவுப் பாதையில் பிடிக்க பொன்னுராஜால் முடியாது என்று சிவபாண்டி சொன்னான். அவர்கள் இமயமலையை விட்டுவிட்டு, கடற்கரைச் சாலையில் கோவா வரை போவதென்று முடிவு செய்து கறுப்பு வண்டியை எடுத்தார்கள். சிவபாண்டி கூலி வாங்கவில்லை. பொன்னுராஜும் வற்புறுத்தவில்லை. கொடுத்திருந்தாலும் நான் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டேன்.

சுகர் பரிசோதனைக்கு மாரிச்செல்விதான் அவனை வெறும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு போனாள். எண்ணைப் பார்த்த டாக்டர் அவனைத் திட்டினார். மாத்திரை சாப்பிடுகிறான். கால் புண் ஆறி வருகிறது. கையில் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது, இன்னும் போகாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

போன் வருவது குறைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் புரோக்கர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். வருகிற போனிலும் சிவபாண்டி முதலிலேயே சொல்லிவிடுகிறான். "எனக்குக் கையில உணர்ச்சி இல்ல. தொடுததும் ஓட்டுததும் நீங்கதான். சத்தத்தை நான் கேட்டுச் சொல்லுதேன், உக்கார சௌகரியமா இருக்கான்னு முன்னால உக்காருதவங்ககிட்டயும் பின்னால உக்காருதவங்ககிட்டயும் தனித்தனியா கேப்பேன். சம்மதமா?"

பாதிப்பேர் போனை வைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் எப்போது போகலாம் என்று கேட்கிறார்கள். வண்டி பார்க்க வருவதை விற்பவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்களா என்று அவர்களிடமே குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் நேரம் சொல்கிறான்.