அப்பர் வகுப்பு

எங்கள் ஊரில் ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். அதைத் தைக்கும் பகுதியையும் அப்பர் என்றுதான் சொல்வோம். ஆம்பூர்க் கம்பெனி ஒன்றில் என் அம்மா அப்பரில் தைப்பவள்.

நான் எல்.கே.ஜி. முடித்த அன்று வீட்டுக்கு வந்து, "அம்மா, அடுத்த வருஷம் என்னை அப்பர்ல போடறாங்களாம்" என்றேன். யூ.கே.ஜி.யை எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்வார். சின்னப் பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்து ஷூ தைக்கவிட்டதையெல்லாம் பார்த்தவள் அம்மா. சோற்றுக் கரண்டியோடு பள்ளிக்கு ஓடினாள்.

"இன்னா டீச்சர் இது அநியாயம்? எம்பொண்ண அப்பர்ல போடாதீங்க! நான் ஒருத்தி அங்க கழுத்து ஒடிஞ்சு கெடக்கறது பத்தாதா?"

டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் புரிந்ததும் அம்மாவும் சிரித்தாள், கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு. தெருவே எங்களை வருஷக்கணக்கில் ஓட்டித் தள்ளியது.

பிளஸ் டூ முடித்ததும் எனக்கு வேலூரில் கல்லூரி சீட் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் கம்பெனிக்காரர்கள் தெருவில் கூட்டம் போட்டார்கள். அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் காலையில் வேலை, மதியம் வகுப்பு, முடிவில் ஷூ டிசைனில் டிப்ளமோ என்றார்கள். கம்ப்யூட்டரில் ஷூ வரைய எனக்குக் கொள்ளை ஆசை. கல்லூரியை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். "எம்பொண்ணு கம்பெனிக்கு வேலைக்குப் போகல, படிக்கப் போறா" என்று அம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பு கொஞ்ச நாள்தான் நடந்தது. பிறகு ஆர்டர் ஜாஸ்தி என்று சொல்லி வகுப்பறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். கம்ப்யூட்டர்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களைத் தையல் மிஷின்களில் உட்காரவைத்தார்கள். "கிளாஸ் எப்போ சார்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"இதுவும் படிப்புதாம்மா. பேஜார் பண்ணாம தை."

நாசமாய்ப் போகட்டும் அவர்களும் அவர்கள் டிப்ளமோவும்!

சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டாள். "எந்த செக்‌ஷன்ல உக்கார வெச்சாங்க?"

"அப்பர்."

அவள் முகத்தையே பார்த்தேன். கரண்டியோடு ஓடிய அந்தப் பொம்பளை இப்போதும் எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன்.

"நீ வந்து அந்த சூப்பர்வைசரக் கேளும்மா. காலேஜ்லயும் இனிமே சேத்துக்க மாட்டாங்க."

"அந்தாளுதாண்டி எனக்கும் சூப்பர்வைசர்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் சூப்பர்வைசரிடம் போவதைப் பார்த்துத் தையலை நிறுத்தினேன். அவள் கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், எம்பொண்ண எம்பக்கத்து மிஷின்ல போடுங்க சார்."

அவர் தலையாட்டினார். இன்றைக்கும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து தைக்கிறேன்.