காதுவில்லையின் கடைசி இரண்டு எண்கள்

கோடை வந்தால் அத்-பாஷி ஊரே ஆடுமாடுகளோடு மலைமேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். மாடுகளின் காதில் குத்தும் எண்வில்லைகளைப் பதியும் கால்நடைப் பதிவு அலுவலகத்தில் அனார்குல் மட்டும் கணினியோடு உட்கார்ந்திருப்பாள். மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஊருக்கே தெரிந்த சங்கதி என்பதால் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மற்ற பேச்சும் அத்தோடு நின்றுபோனது.

ஜூன் மாதம், மலையில் தனியாக மாடு மேய்க்கும் சபிர்குல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எவன் மாடோ என் மந்தையில வந்து சேந்திருக்கு. காதுவில்லை அறுந்திருக்கு. கடைசி ரெண்டு எண்ணு இல்ல."

தெரியாத எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், அந்த இடத்தில் எந்த எண் இருந்தாலும் கணினி பொறுக்கித் தந்துவிடும். திரையில் எண்பத்தொரு மாடுகள், சொந்தக்காரர் பெயரோடு வந்தன.

"நிறத்தச் சொல்லுங்கண்ணே, குறைச்சிடலாம்."

"சேத்துல புரண்டு கெடக்கு. நீ பேரப் படி."

"ஓர்மோன், அக்-முஸ் கிராமம்."

"அவனா? பொண்டாட்டி தொலஞ்சாலே மூணு நாள் கழிச்சுத்தான் தேடுவான். அடுத்தது?"

அனார்குல் சிரித்துவிட்டாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

அதன்பின் வியாழன்தோறும் ஒரு மாடு வழிதவறியது. எல்லாவற்றுக்கும் கடைசி இரண்டு எண்கள்தான் காணாமல் போயின. ஆகஸ்டில் தடுப்பூசி போட மலைக்குப் போய்வந்த கால்நடை மருத்துவர், "அந்தாளு மந்தையில வில்லை அறுந்த மாடு ஒண்ணுகூட இல்லையேக்கா" என்றார். ஏமாந்தோமே என்று அன்று சாயங்காலம் வரை அவளுக்கு முகம் சுட்டது. அடுத்த வியாழனிலிருந்து நிறம் கேட்பதை விட்டுவிட்டாள். புதுத் தலைத்துணி வேறு வாங்கிக் கட்டிக்கொண்டாள். தொலைபேசிக்குத் தலைத்துணி தெரியுமா என்ன?

செப்டம்பரில் அவர் கூப்பிட்டபோது பின்னால் மனைவியின் குரலும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. கூடாரத்தைப் பிரிக்க எல்லோரும் மேலே வந்திருந்தார்கள்.

"நாளைக்கு எறங்குறோம் தங்கச்சி. இந்தத் தடவ நெசமாவே ஒரு மாடு வந்து நிக்குது. எண்ணு முழுசா இருக்கு, எழுதிக்க."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். எல்லாமே தெளிவாகக் கேட்டன.

"கடைசி ரெண்டு எண்ணு காதுல விழலண்ணே," என்றாள். இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டு, பெயர்களைப் படிக்கத் தயாராக இருந்தாள்.

"நாலு... ஏழு..." சபிர்குல் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இப்ப விழுந்துச்சா?"

"விழுந்துச்சுண்ணே."

திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. அதைப் படித்துச் சொன்னாள்.