ஒரு ஆளுக்கு ஒரு பாடு

இத்தாலியில் ஒரு கால்பந்து அணியின் முதலாளி பிரதமரானது 1994 மே மாதம். எங்கள் அணியின் கேப்டன் வார்டு மெம்பரானது 1996 அக்டோபர். முதல் செய்தியைச் செய்தித்தாளில் படித்தேன். இரண்டாவது நடந்தபோது ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை.

அப்போது எனக்குப் பழவேற்காட்டில் தபால் நிலைய வேலை. ஓய்வு நேரத்தில் டச்சுக்காரர் கல்லறைகளுக்குப் போய், கற்களில் செதுக்கியிருக்கும் தேதிகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் திடல். சுவர் தாண்டி விழும் பந்தை எடுத்துப் போட்டுப் போட்டே அணியோடு பழக்கமாகி, யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார் என்று குறித்துவைக்கும் ஆளாகிவிட்டேன். அணியில் பாதிப் பேர் குப்பத்து மீனவர்கள், மீதிப் பேர் கடைத்தெரு முஸ்லிம் வீட்டு இளைஞர்கள். கேப்டன் குப்பத்துக்காரன். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

பந்துக்கும் அரசியலுக்கும் என்ன உறவு என்ற கேள்வி எனக்கு 1990 ஜூலையில் வந்தது. உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மோதின. மூன்றாம் தேதி ஆட்டம். நம் நேரப்படி அது முடியும்போது நான்காம் தேதி பிறந்துவிட்டதால், முடிவு ஐந்தாம் தேதித் தாளில்தான் வந்தது. அர்ஜென்டினாவின் கேப்டன் மற்ற நாட்களில் நேப்பிள்ஸ் அணிக்கே ஆடியவர். ஆட்டத்துக்கு முன், வருஷம் முழுக்க உங்களை ஒதுக்கும் நாடு இன்று மட்டும் உங்களைச் சொந்தம் கொண்டாடுகிறதே என்கிற பொருளில் அந்த ஊர் மக்களைப் பார்த்துப் பேசியிருந்தார். ஒரு விளையாட்டுக்காரன் பேசினால் தெற்கு, வடக்கு என்று ஒரு நாட்டின் பழைய புண் திறந்துகொள்ளுமா? நான்கு வருஷம் கழித்து அதே நாட்டில் மைதானத்துக் கோஷத்தைப் பெயராக்கி ஒரு கட்சி பிறந்தது. ஆரம்பித்த அணி முதலாளி சில மாதங்களில் பிரதமரானார், தன் அணியையும் கையிலேயே வைத்துக்கொண்டார். இதைக் கேட்டு எங்கள் கேப்டன் சிரித்தான். "அப்போ நானும் நிக்கலாம்னு சொல்லு!"

விளையாட்டாகச் சொன்னது 1996 செப்டம்பரில் வினையாக வந்து நின்றது. உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததும் குப்பத்து ஐஸ் வியாபாரி ஒருவர் மெம்பர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்னார். ஜெயித்தால் திடலில் ஐஸ் ஷெட் கட்டுவது அவர் திட்டம். மீன் கெடாது, நாலு பேருக்கு வேலை; அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திடல் போய்விடும். கேப்டனும் நின்றான்.

வார்டு முழுக்க ஒரே குப்பம். ஊர் யாரைச் சொல்கிறதோ அவர் போட்டியில்லாமல் வந்துவிடுவார். ஊர்க் கூட்டம் கூடியது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மெம்பர் பதவிக்கும் அப்படியே குலுக்குவோம் என்றார் ஊர்த் தலைவர். சீட்டு எழுதக் கூப்பிட்டதால்தான் நான் அங்கே இருந்தேன். கேப்டன் பெயர் வந்தது.

அணிக்காரர்கள் கத்தி முடிப்பதற்குள் தலைவர் கேட்டார்: "சரி, கேப்டன் வேலையை யாருக்கு வுடப் போற?"

"இன்னா மாமா, அது வேற, இது வேற."

"எப்பிடிடா வேற? ஒரு ஆளுக்கு ஒரு பாடுதான்."

"அது மீனுக்கு மாமா. பந்துல இன்னா வவ்வால் மீனா மாட்டுது?"

ஐஸ் வியாபாரி எழுந்தார். "நைனா, உன் பின்னாடி நாப்பது பேரு ஓடுறானுங்க. பந்தும் உனக்கு, பதவியும் உனக்குன்னா நாங்க இன்னா கரையில குந்திகினு கருவாடு பொறுக்கறதா?"

கூட்டம் சிரித்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இத்தாலியில ஒருத்தர் ரெண்டையும் வச்சிருந்தாரு" என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஊர்ல ஏரி இருக்குதா, தபாலு?"

"இருக்கு."

"அதுல பாடு வுடறாங்களா?"

"தெரியல."

"தெரிஞ்சினு வந்து பேசு."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு வருஷமாக அவன்தான் கேப்டன். வேண்டாம் என்றால் சீட்டு ஐஸ் வியாபாரிக்குப் போகும், திடலும் போகும். சரி என்றால் திடல் மிஞ்சும், அதில் அவன் பேச்சு செல்லாது. கடைசியில் அவன் கேட்டது யாரும் எதிர்பாராதது. "மாமா, பாடு இல்லாதவன் அடுத்தவன் வலையில கூலிக்குப் போறான் இல்ல? அந்த மாதிரி நான் கூலிக்கு ஆடலாமா?"

மெம்பர் தேர்வுக்கு ஆன நேரத்தைவிட இந்தக் கேள்விக்கு அதிக நேரம் ஆனது. வலை யாருடையதோ அவன் சொன்னபடி கேட்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். ஐஸ் வியாபாரிகூடத் தலையாட்டினார். எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. அங்கே கேப்டன் என்பதை விளையாட்டு என்று நினைத்தவன் நான் மட்டும்தான். மற்றவர்கள் அதிகாரம் என்றே நினைத்திருந்தார்கள். இத்தாலியைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

மெம்பரான பிறகு முதல் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே திடலை விளையாட்டுக்கு ஒதுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினான். ஐஸ் ஷெட்டுக்குப் படகுத்துறைப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொடுத்ததும் அவன்தான். அடுத்த ஞாயிறு அணிக்கு ஆட்டம். கடைத்தெருவிலிருந்து வரும் இடது விங் ஆட்டக்காரன் புதிய கேப்டன். எங்கள் ஊர் ஆட்டத்தில் பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் அவன் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினான்.

"மெம்பர் சாப், வெளிய குந்து. மூச்சு வாங்குது உனக்கு."

"டேய், இந்த கிரவுண்டே நான் வாங்கிக் குடுத்ததுடா!"

"ரொம்ப சந்தோசம். குந்து."

எல்லாரும் மெம்பரையே பார்த்தார்கள். எதிரணிக்காரர்களும் பார்த்தார்கள். கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"எத்தினியாவது நிமிசம்னு எழுதிக்கினியா?"

"முப்பத்தாறு" என்றேன்.

"முப்பத்தேழு. நான் ஒரு நிமிசம் நின்னு பேசினேன் இல்ல?"

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.